பாடத்துக்குத்தானே ஸ்கேன் செய்தேன்?

கேள்வி: கல்லூரி ஒன்றில் பகுதிநேரமாகத் தமிழ் இலக்கியம் கற்பிக்கிறேன். வகுப்பில் 40 பேர். நூலகத்தில் இரண்டே பிரதிகள் இருக்கும் ஒரு சிங்கப்பூர்ச் சிறுகதைத் தொகுப்பை முழுவதும் ஸ்கேன் செய்து கல்லூரியின் இணைய வகுப்பறையில் ஏற்றினேன். ஒரு காசு வாங்கவில்லை. முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயரும் இருக்கிறது. சக ஆசிரியர் ஒருவர் இதைத் திருட்டு என்கிறார். பாடத்துக்காகச் செய்தது எப்படித் திருட்டாகும்?
— விரிவுரையாளர், தெம்பனிஸ்

பதில்: ‘திருட்டு’ என்ற சொல் கடுமைதான். ஆனால் அந்தக் கோப்பை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

‘காசு வாங்கவில்லை’ என்கிறீர்கள். 2021 நவம்பர் 21 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கும் பதிப்புரிமைச் சட்டம், ஒரு பயன்பாடு நியாயமானதா என்று பார்க்க நான்கு கேள்விகள் கேட்கிறது. எதற்காகப் பயன்படுத்தினீர்கள்? அது எத்தகைய படைப்பு? எவ்வளவு எடுத்தீர்கள்? அதனால் அந்தப் படைப்பின் சந்தைக்கு என்ன ஆகும்? உங்கள் பதில் முதல் கேள்விக்கு மட்டும்தான் பொருந்துகிறது. எடுத்ததோ முழு நூல், அதுவும் கற்பனை இலக்கியம். நான்காவது கேள்வியில் நிலைமை இன்னும் மோசம். நம் ஊரில் தமிழ் எழுத்தாளர் ஒருவர் பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சிடுகிறார். 400 பிரதிகள் என்று வையுங்கள். உங்கள் வகுப்பின் 40 பேர் அதில் பத்தில் ஒரு பங்கு. ஆங்கிலப் பாடநூலில் 40 பிரதிகள் விற்காமல் போனால் பதிப்பாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இவருக்கோ அவை வீட்டுக் கட்டிலுக்கடியில் கட்டாகக் கிடக்கும். ஆசிரியர் பெயர் போட்டது நல்லது, போட்டே ஆகவேண்டியது. ஆனால் பெயர் போடுவதும் அனுமதி பெறுவதும் ஒன்றாகிவிடாது.

‘பத்து விழுக்காடு எடுக்கலாமே’ என்று யாராவது சொல்வார்கள். சொல்வது சரி, ஆனால் அரைகுறை. மாணவர் தம் படிப்புக்காகத் தாமே நகலெடுக்கும்போது, குறைந்தது பத்துப் பக்கமுள்ள நூலில் பத்து விழுக்காடு அல்லது ஓர் அத்தியாயம் என்ற அளவு நியாயமானதாகவே கருதப்படும். 160 பக்க நூலென்றால் 16 பக்கம். கல்லூரி வகுப்பு முழுவதற்கும் நகலெடுத்துக் கொடுப்பது வேறு ஏற்பாடு. அதற்குச் சட்டத்திலேயே ஓர் உரிமம் உண்டு. எதை, எவ்வளவு நகலெடுத்தோம் என்று கல்லூரி பதிவு வைத்திருக்க வேண்டும், உரிமையாளர் கேட்டால் நியாயமான தொகை கொடுக்க வேண்டும். ஆகவே ஸ்கேனரிடம் போகுமுன் நூலகத்தில் பதிப்புரிமை பார்ப்பவரிடம் போங்கள். பல பதிப்பாளர்களின் நூல்களுக்கு மொத்தமாக அனுமதி வாங்கும் உரிமத் திட்டம் எதிலாவது கல்லூரி இருக்கிறதா, இருந்தால் இந்தத் தமிழ்ப் பதிப்பாளரும் அதற்குள் வருகிறாரா என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் எல்லாரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பாடநூலுக்கும் நாவலுக்கும் ‘அத்தியாயம்’ என்ற கணக்கு எளிதாகப் பொருந்தும். சிறுகதைத் தொகுப்பிலும் கவிதைத் தொகுப்பிலும் வழுக்கும். ஒவ்வொரு கதையும் தனிப் படைப்பு, ஆகவே ஒரு கதையை முழுசாக எடுத்தாலே முழுப் படைப்பையும் எடுத்ததாக வாதிட இடமுண்டு. வாரம் ஒரு கதையாக ஏற்றி, பருவ முடிவில் மொத்த நூலும் இணைய வகுப்பறையில் சேர்ந்திருக்கும் தந்திரமும் வேண்டாம். பதிவேற்றிய தேதிகளே உங்களுக்கு எதிரான சாட்சி.

இணையத்தில் கிடைப்பதற்குத் தனி வழி திறந்திருக்கிறது. லாப நோக்கமில்லாத கல்வி நிறுவனத்தின் ஆசிரியரும் மாணவரும், கட்டணமின்றி எல்லாருக்கும் கிடைக்கும் இணையப் படைப்புகளைப் பாடத்துக்குப் பயன்படுத்தலாம். எங்கிருந்து, எந்த நாளில் எடுத்தது என்பதைப் படைப்பாளர் பெயரோடு எழுதிவிடுங்கள். அந்தத் தளத்தில் இருப்பதே உரிமை மீறிய பிரதி என்று தெரிவிக்கப்பட்டால் பயன்பாட்டை நிறுத்த வேண்டும். டெலிகிராம் குழுக்களில் சுற்றும் தமிழ் நாவல் பிடிஎஃப்களை ‘இலவசமாகத்தானே கிடைக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு இந்த விலக்கின் நிழலில் ஒதுங்கப் பார்க்காதீர்கள். அவை எப்படி வந்தன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பழைய இலக்கியத்தில் கைகள் தாராளம். ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள் ஆனால் உரிமை தீர்ந்துவிடும். பாரதியார் மறைந்தது 1921, கணக்கு எப்போதோ முடிந்தது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. இங்கேயும் கால் இடறும் ஒரு கல் உண்டு. அச்சிட்ட பதிப்பின் பக்க அமைப்புக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்து 25 ஆண்டுகள் தனி உரிமை. போன வருடம் வந்த பாரதியார் பதிப்பை அப்படியே ஸ்கேன் செய்தால் பாட்டு பொதுச்சொத்து, பக்கம் பதிப்பாளருடையது. பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை. வேண்டிய பாட்டைத் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

உங்கள் தொகுப்புக்கு வருவோம். ஆசிரியர் உயிரோடு இருப்பவர் என்றால் ஒரு மின்னஞ்சல் போதும். எந்தக் கதை, எந்தப் பக்கங்கள், எத்தனை மாணவர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கடவுச்சொல் உள்ள தளமா, முடிந்ததும் யார் நீக்குவார்கள் என்று எழுதுங்கள். ‘உங்கள் கதையைப் பாடத்தில் பயன்படுத்தலாமா’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘தாராளமாக’ என்று மொட்டையாகத்தான் பதில் வரும், அடுத்த பருவத்துக்கு அது செல்லுமா என்பது யாருக்கும் தெரியாது. எழுத்தில் உரிமை மாற்றிக் கொடுக்காதவரை பொதுவாக அது ஆசிரியரிடமே இருக்கும். ஆனாலும் பதிப்பாளருக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவரும் வேண்டும்.

அனுமதி வராவிட்டால் நூலகத்தைப் பத்துப் பிரதிகள் வாங்கச் சொல்லி, குறுகிய நேர இரவலில் வைக்கச் சொல்லுங்கள்.

நூலோடு படமும் காட்டுவீர்கள் என்றால் இதையும் கேளுங்கள். பாட நேரத்தில் வகுப்பு மாணவருக்கு மட்டும் ஒரு படக்காட்சியைப் போட்டுக் காட்டுவது பொது நிகழ்ச்சி ஆகாது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கென்று ஒப்புக்கொண்டு வாங்கிய இணைய ஒளிபரப்புக் கணக்கை வகுப்புத் திரையில் திறப்பது நீங்கள் போட்ட ஒப்பந்தத்தின் சிக்கல். கல்லூரி விழாவில் வெளியாருக்கும் சேர்த்துத் திரையிட்டால் தனி உரிமம் வேண்டும்.

வழக்கு என்று போனால், உரிமையாளர் தம் நட்டத்தைக் கணக்குக் காட்டாமலே ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை சட்டப்படி இழப்பீடு கேட்க முடியும். உங்கள் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்றே நினைக்கிறேன். அந்த எழுத்தாளர் அடுத்த வாசகர் சந்திப்பில் உங்கள் எதிரே வந்து உட்காருவார், அவ்வளவுதான்.

ஒன்று கேட்க மறந்தேன். பகுதிநேரம் என்கிறீர்கள். வார இறுதியில் துணைப்பாட வகுப்பும் எடுக்கிறீர்களா? எடுத்தால், கல்லூரிக்காகப் பெற்ற அனுமதியையும் நகலையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். லாபத்துக்கு நடக்கும் நிலையத்துக்கு மேலே சொன்ன இணைய விலக்கு கிடையாது.