நவீனக் கட்டடக்கலை பற்றிய தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்தாலும் கட்டடம் புரிவதில்லை. எப்படிப் பார்ப்பது?

பிரெஞ்சு-ஜெர்மன் தொலைக்காட்சியான ஆர்த்தேயின் 'ஆர்க்கிடெக்சர்ஸ்' (Architectures) தொடரில் ஆரம்பியுங்கள். ஒரு பகுதிக்கு ஒரே கட்டடம், சுமார் 26 நிமிடம். கட்டடக் கலைஞரின் புகழ்பாடுவதை விட்டுவிட்டு, கட்டடத்தின் சிறு மாதிரியைப் பிரித்து உள்ளமைப்பைக் காட்டுவார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, குறுக்குவெட்டை, அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் தெரியும் தோற்றத்தை, ஒரு தாளில் வரையுங்கள். தரை, தூண், கூரை மூன்றும் வந்தால் போதும், கோணல்மாணலாக இருந்தாலும் சரி. பிறகு கூரையின் பாரம் எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். அம்பு எங்கே தடுக்கி நிற்கிறதோ, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பாரிஸின் பொம்பிதூ கலை மையத்தை (1977) எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 48 மீட்டர் அகலத்துக்கு ஒரு தூண்கூடக் கிடையாது. தளத்தைத் தாங்கும் ட்ரஸ் (எஃகுத் துண்டுகளை முக்கோணங்களாகக் கோத்த உத்திரம்) நேராகத் தூணில் உட்காரவில்லை. தூணில் கோத்த வார்ப்பு எஃகுக் கை ஒன்றின் உள்நுனியில் உட்கார்ந்திருக்கிறது. பாரம் உள்நுனியை அழுத்தும்போது, தராசுத் தண்டுபோல வெளிநுனி மேலே எழப் பார்க்கும். அதை ஒரு மெல்லிய எஃகுக் கம்பி கீழே இழுத்துப் பிடிக்கிறது. கை வெளியே நீண்டிருப்பதால்தான் எஸ்கலேட்டருக்கும் குழாய்களுக்கும் வெளிப்புறத்தில் இடம் கிடைத்தது. நீலக் குழாயில் காற்று, பச்சையில் தண்ணீர், மஞ்சளில் மின்சாரம் என்பதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கம்பியைத்தான் தவறவிடுவார்கள். இன்னொன்று: தீயில் எஃகு இளகிவிடக் கூடாதென்று தூண்களுக்குள் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள்.

இரண்டாம் முறை பார்க்கும்போது ஒலியைக் குறைத்துவிட்டு, மழையும் வெயிலும் எங்கே போகின்றன என்று தேடுங்கள். ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரிலுள்ள பௌஹாஸ் கலைப்பள்ளிக் கட்டடத்தின் (1926) பட்டறைப் பகுதியில் தூண்கள் உள்ளே தள்ளி நிற்பதால் கண்ணாடிச் சுவர் தடையில்லாமல் ஓடுகிறது. பார்க்க அருமை. ஆனால் கோடையில் சூடு, குளிர்காலத்தில் நடுக்கம். அமெரிக்காவின் ரசீன் நகரில் பிராங்க் லாய்ட் ரைட் கட்டிய ஜான்சன் வாக்ஸ் அலுவலகத்தில், கூரை வெளிச்சத்துக்குப் பைரெக்ஸ் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குழாய்களை அடுக்கினார்கள். வெயிலிலும் குளிரிலும் குழாய்கள் விரிந்து சுருங்கின. இணைப்புப் பூச்சு அதற்கு ஈடுகொடுக்காமல் ஒழுகியது.

பல தொடர்களில் அகலக்கோண லென்ஸ் சின்ன அறையையும் மண்டபமாகக் காட்டிவிடும். கதவுக் கைப்பிடியோ நாற்காலியோ திரையில் வரும்வரை அளவை நம்பாதீர்கள்.