பிளேட் போடும் முன் கேளுங்கள்

(சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றின் பிரீ-பிரஸ் (அச்சுக்கு முன் பக்கங்களைத் தயார் செய்யும்) பிரிவைக் கவனித்துவரும் சகோதரி, வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலருக்கான கட்டுரைகளைச் செல்போனில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பினோம். புரூஃபில் (திருத்தம் பார்க்கத் தரும் மாதிரி அச்சில்) கொம்புகள் இடம் மாறி, எழுத்துகள் உடைந்து வந்திருக்கின்றன. 'உங்கள் ஃபைலில்தான் கோளாறு' என்கிறார்கள். தவறு யார் பக்கம்?
– வாசகர், மானாமதுரை

பதில்: உங்கள் பக்கம் தவறே இல்லை. நீங்கள் செல்போனில் அடித்தது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. அதில் 'கொ' என்ற எழுத்து, முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில் பதிவாகிறது. கொம்பை முன்னால் நிறுத்திக் காலைப் பின்னால் சேர்ப்பது மென்பொருளின் வேலை. பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு அந்த வேலை தெரியாது. அதன் கடைசிப் பதிப்பு வந்ததே 2001-இல்தான். அதற்குப் பின் வந்த இன்டிசைனுக்குத் தெரியும். ஆனால் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதிலும் கொம்பு பின்னால் போய் நிற்கும். 'கு', 'மூ' போன்றவற்றில் உகரக் குறி தனியே தொங்கும்.

தமிழ்நாட்டு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பல அச்சகங்கள் பழைய ஃபாண்டுகளை விடவில்லை. யூனிகோடில் வருவதை பாமினி போன்ற பழைய முறைக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்கள். அப்படி மாற்றும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். அந்த ஃபாண்டுகளில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. கட்டுரையில் ஆங்கில எழுத்தில் இருக்கும் இன்ஷியல், பட்டம், மின்னஞ்சல் முகவரி எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும்.

உங்கள் மலரில் நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். நூற்றியொரு ரூபாய் கொடுத்தவர் மலரைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது தம் பெயரைத்தான். அந்தப் பெயர் சிதைந்திருந்தால் அவருக்கு அந்த மலரில் வேறு எதுவும் கண்ணில் படாது. அதனால் எழுத்துருவை மாற்றிய பிறகு, பட்டியலை மட்டுமாவது இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு மாற்று வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படங்களையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருப்பீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். அதிலேயே 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் சுருங்காது. 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் அச்சாக வேண்டிய படத்தில் 1200-க்கு 1800 பிக்சலாவது இருக்க வேண்டும். மூலவர் படத்தை முழுப் பக்கத்துக்குப் போடுவதானால், கேமராவில் எடுத்தவரிடமே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மகள் திருமணப் பத்திரிகைக்குக் கிளிப்பச்சை அட்டை கேட்டோம். கணினியில் காட்டியபோது அருமையாக இருந்தது. அச்சாகி வந்தபோது மங்கிப் பாசிநிறமாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: ஏமாற்றவில்லை அம்மா, முன்கூட்டிச் சொல்லவில்லை. அதுவும் குறைதான். திரை, சிவப்பு பச்சை நீலம் என்ற மூன்று ஒளிகளைச் சேர்த்து நிறம் காட்டுகிறது. காகிதத்தில் ஒளி கிடையாது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள் காகிதத்தின் வெண்மையிலிருந்து நிறத்தை வடிகட்டிக் காட்டுகின்றன. கிளிப்பச்சை, பளீரென்ற ஆரஞ்சு, அடர்ந்த மயில் நீலம் ஆகியவை இந்த நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே நிற்பவை. வழவழப்பான ஆர்ட் காகிதத்திலாவது ஓரளவு எடுக்கும். மை ஊறும் காகிதத்தில் இன்னும் மங்கும்.

அந்த நிறம்தான் வேண்டுமென்றால் அதற்கென்று தனி மை கலந்து, தனி பிளேட் (அச்சுத் தகடு) போட்டு அடிக்கலாம். செலவு கூடும். இல்லையென்றால், அச்சாகப் போகும் அதே அட்டையில் கலர் புரூஃப் கேளுங்கள். நான் புரூஃபை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பேன். டியூப்லைட்டுக்கு அடியில் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள்.

கேள்வி: பள்ளி ஆண்டு மலரை நானே வடிவமைத்தேன். கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய சிவப்பும் நீலமும் நிழலாகத் தெரிகின்றன. மெஷின் பழையதோ?
– ஆசிரியர், செய்யாறு

பதில்: மெஷினைப் பார்க்கும் முன் உங்கள் கறுப்பைப் பாருங்கள், தம்பி. வேர்டிலிருந்து எடுத்து ஒட்டிய எழுத்து பெரும்பாலும் திரைக் கறுப்பாக இருக்கும். அதை அச்சுக்கு மாற்றும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். அப்படியானால் ஒவ்வோர் எழுத்தும் நான்கு பிளேட்டிலும் பதிந்து, நான்கு முறையும் அதே இடத்தில் விழ வேண்டும். ஆஃப்செட்டில் மையோடு தண்ணீரும் ஓடுகிறது. பிளேட்டில் எழுத்து இல்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளுவதால்தான் அச்சே விழுகிறது. அந்த ஈரம், பிளேட்டிலிருந்து மையை வாங்கிக் காகிதத்தில் பதிக்கும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட் வழியாகக் காகிதத்துக்கும் ஏறும். காகிதம் துளி விரிந்தாலும் ரிஜிஸ்டர், அதாவது நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, விலகும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் புரியும். 'ஞ', 'ண', 'ஜ' ஆகியவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளைதான் முதலில் அடைபடும். நம் எழுத்துகள் வளைவும் சுழியுமாக இருப்பதால், பொடி எழுத்தில் இந்தப் பிழை வாசிக்கிறவரின் கண்ணை மிகவும் வருத்தும். பாட எழுத்து முழுவதையும் கறுப்பு மட்டும் 100 சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வையுங்கள். வண்ணப் பின்னணி மேல் வந்தால், பின்னணியை வெட்டாமல் அதன் மேலேயே கறுப்பு விழும்படி 'ஓவர்பிரின்ட்' போடுங்கள். இதைச் சரிபார்க்காமல் பிளேட்டுக்கு அனுப்பிய பிரீ-பிரஸ் ஆளுக்கும் இதில் பங்கு உண்டு.

கேள்வி: கவிதைத் தொகுப்பு, 200 பிரதி போதும். ஆஃப்செட்டா, டிஜிட்டலா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: டிஜிட்டல். அதில் பிளேட் இல்லாமல் கோப்பிலிருந்து நேராக அச்சாகும். ஆஃப்செட்டில் பிளேட் செலவும், மை சமனாகும்வரை வீணாகும் தாளும் முதல் பிரதிக்கு முன்பே வந்துவிடும். 200 பிரதியில் அது தாங்காது. ஆயிரத்துக்குப் போனால் இரண்டுக்கும் விலை கேளுங்கள். ஆஃப்செட்டாக இருந்தால் பக்கங்களை 16-இன் மடங்காகத் திட்டமிடுங்கள், ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் தொகுதி) வீணாகாது. சொல்லும் விலையில் பைண்டிங்கும் அட்டை லேமினேஷனும் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.