குட்டைக் கல்வாழை ஏன் நெட்டையானது?

கேள்வி: என் பிறந்த வீட்டில் அடுப்படித் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரம் கல்வாழை ஆளுயரம் நிற்கும். இப்போது எனக்கு மூன்றாவது மாடி பால்கனிதான். நர்சரியில் 'குட்டை ரகம்' என்று சொல்லி, ஒன்றரை அடி உயரத்தில் பூவோடு ஒரு செடி கொடுத்தார்கள். 5 மாதத்தில் கைப்பிடிக் கம்பியைத் தாண்டி 4 அடிக்குப் போய்விட்டது. பூவையும் காணோம். நுனியை வெட்டிவிடலாமா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள் அம்மா. கல்வாழைக்குப் பூங்கொத்து தண்டின் உச்சியிலிருந்துதான் வரும். நுனியைக் கிள்ளினால் கிளை விட இது செம்பருத்தி இல்லை; அந்தத் தண்டில் பூ அதோடு சரி.

பால்கனி எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை. தினம் 6 மணி நேரமாவது நேர்வெயில் படாவிட்டால் குட்டை ரகம்கூட வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டும், பூவும் குறையும். ஆனால் ஒன்றரை அடி 4 அடியானதற்கு நிழல் மட்டும் காரணமாக இருக்காது. மாந்தோப்புக்காரர்கள் 'கல்டார்' என்கிறார்களே, அந்த பேக்லோபுட்ரசால் மருந்தைத் தொட்டிச் செடிகளைக் குட்டையாக நிறுத்தவும் ஊற்றுவதுண்டு. மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் சுபாவத்துக்கு வந்துவிடும். தஞ்சாவூரில் இருந்தபோது நானும் இப்படி 3 தொட்டி வாங்கினேன். பொங்கலுக்குள் என் தோளைத் தொட்டுவிட்டது. விற்றவரிடம் கேட்டால், "உங்க கைராசிங்க" என்றார்!

பிறவிக் குட்டைகளும் உண்டு. கல்வாழைக்குப் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரத்து நர்சரிக்காரர் குரோசிதான் கலப்பினம் செய்து, உயரத்தைக் குறைத்துப் பூவைப் பெரிதாக்கியவர். பிறகு ஜெர்மனியின் ஃபிட்ஸர் வகைகள் வந்தன. 'டிராபிகல் ரோஸ்' என்ற ரகம் விதையிலிருந்தே வரும் குட்டை. இரண்டு, இரண்டரை அடிதான். 1992இல், அமெரிக்காவில் புது ரகங்களுக்குத் தரும் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கியது. விதை கிடைத்தால் அப்படியே ஊன்றாதீர்கள், மாதக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். நகவெட்டியிலுள்ள அரத்தால் ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள். கறுப்புத் தோலுக்குள் வெள்ளை எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு போடுங்கள். காலையில் பருத்திருப்பதை ஊன்றலாம். பருக்காததை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

கிழங்காக வாங்குவதென்றால், தொட்டியைப் பார்க்காமல் தரையில் நிற்கும் தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வருஷம் தரையில் நின்றும் இடுப்புக்குக் கீழேயே பூத்திருந்தால் நம்பலாம். இலையில் நரம்பை ஒட்டி மஞ்சள் கோடுகள் ஓடினால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது வைரஸாக இருக்கலாம்; கிழங்கோடு கூடவே வரும், மருந்து கிடையாது.

14 அங்குலத் தொட்டி, செம்மண், மட்கிய சாணம் போதும். யூரியா பக்கம் போகாதீர்கள், இலைதான் வரும். தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு கொத்து வாடியதும் தண்டை அறுக்க அவசரப்பட வேண்டாம். அதற்குச் சற்றுக் கீழே, இலை மடிப்புக்குள் அடுத்த மொட்டுக்கொத்து பதுங்கியிருக்கும். அதுவும் முடிந்த பிறகு அடியோடு அறுங்கள், பக்கத்தில் புதுக் குருத்து கிளம்பும்.

அந்த நெட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கீழே துணி துவைத்த தண்ணீர் போகும் இடத்தில் வைக்க உங்கள் குடியிருப்பில் அனுமதித்தால், அம்மா வீட்டு உயரம் வந்துவிடும்.

கேள்வி: கல்வாழைக் குருத்து விரியாமல் ஒட்டிக்கிடக்கிறது. பிரித்தால் இலைக்குக் குறுக்கே வரிசையாக ஓட்டை. யார் வேலை?
- வாசகர், தேனி

பதில்: புழுவின் வேலை. சுருண்ட குருத்தை ஓரிடத்தில் கடித்தாலும் எல்லா மடிப்பிலும் துளை விழுந்துவிடும். தாளை மடித்துக் குத்திப் பாருங்கள், புரியும். மருந்து அடித்தால் மடிப்புக்குள் போகாது. காலையில் குருத்தை மெதுவாகப் பிரித்து, உள்ளே கறுப்பு எச்சத்தோடு கிடப்பதை நசுக்குங்கள். அருவருப்பாக இருந்தால் குருத்தையே கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மொட்டு உள்ளே இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு!