அழுத்தம் கூடும் என்று தெரிந்தே பதவி உயர்வுக்கு முயல வேண்டுமா?

கேட்டிருப்பவரின் நிலைமை இது. பல ஆண்டுகளாகக் குழுத் தலைவர். துறை மேலாளர் பதவி காலியாகப் போகிறது. விண்ணப்பிக்கச் சொல்லி மேலதிகாரி வற்புறுத்துகிறார். இப்போது அந்தப் பதவியில் இருப்பவரோ இரவு பதினொரு மணிக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறார், விடுப்பில் போனாலும் போனை அணைப்பதில்லை. சம்பளம் 20 சதவீதம் கூடும். வீட்டில் "வருவதை ஏன் விட வேண்டும்?" என்கிறார்கள். "அந்த அழுத்தத்தை நான் தாங்குவேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்பது கேள்வி.

உங்கள் மனத்தைச் சோதிப்பதை முதலில் நிறுத்துங்கள். சோதிக்க வேண்டியது அந்தப் பதவியை. "தாங்குவேனா?" என்று உட்கார்ந்து யோசித்தால், நல்ல நாளில் ஆம் என்றும் மோசமான நாளில் இல்லை என்றும்தான் பதில் வரும். நான் இப்படிப்பட்ட ஒரு பதவி உயர்வை ஏற்று நன்றாகவே சமாளித்திருக்கிறேன். பிறகு வேறொரு நிறுவனத்தில் வந்த இன்னொன்றை மறுத்திருக்கிறேன். இடையில் என் தாங்கும் சக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஏற்ற பதவியில் வேலை மலைபோல் இருந்தது. ஆனால் ஆள் எடுப்பது, கெடுவை மாற்றுவது, ஒரு வேலையை "இப்போது முடியாது" என்று திருப்பி அனுப்புவது எல்லாம் என் கையில் இருந்தன. மறுத்த பதவியில் இவை ஒன்றும் கிடையாது. ஏதாவது தவறினால் விளக்கம் எழுதும் பொறுப்பு மட்டும் முழுமையாக இருந்தது.

இந்த வேறுபாடு என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. பணிச்சூழல் அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இலேயே இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார்: வேலைப்பளு கூடுதல், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்ற சேர்க்கைதான் மனிதனை அதிகம் வதைக்கிறது, பளு கூடி, உரிமையும் கூடினால் அதே மனிதன் கற்றுக்கொண்டு வளரவும் முடிகிறது. 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் பிரிட்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய நீண்ட ஆய்விலும், இதய நோய் மேல்மட்ட அதிகாரிகளைவிடக் கீழ்மட்ட ஊழியர்களிடமே அதிகம் காணப்பட்டது. தன் வேலையின்மேல் தனக்குப் பிடிமானம் இல்லாதது அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. பெரிய பதவி என்றாலே பெரிய அழுத்தம் என்ற பொது நம்பிக்கை அவ்வளவு சரியல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு உடனே விண்ணப்பத்தை நிரப்பிவிட வேண்டாம். நீங்கள் போவது உச்சிக்கல்ல, நடுவுக்கு. மேலிருந்து டார்கெட், கீழிருந்து குறை. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது இந்த நாற்காலிக்காகவே சொன்னது போலிருக்கும். சில நிறுவனங்களில் நடு மேலாளருக்கு உண்மையான அதிகாரம் உண்டு. சிலவற்றில் அவர் மேலே சொன்னதைக் கீழே சொல்லும் ஆள், அவ்வளவுதான். உங்கள் நிறுவனம் எந்த வகை என்பது பதவி விளக்கக் குறிப்பில் இருக்காது. அதில் எல்லாப் பதவியும் "சவால் நிறைந்தது" என்றுதான் இருக்கும்.

இப்போது அந்தப் பதவியில் இருப்பவரிடமே கேட்பதுதான் சிறந்த வழி. "கஷ்டமாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், மனநிலையைப் பொறுத்து எதையாவது சொல்வார். "கடந்த மாதம் யாரையும் கேட்காமல் நீங்களே எடுத்த முடிவு ஒன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சட்டென்று சில சொன்னால் நல்லது. வெகுநேரம் யோசித்து, கூட்ட அறையை மாற்றியதைச் சொன்னால் உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. "ஒரு வேலையை முடியாது என்று சொல்லி, அது முடியாது என்றே நின்றது எப்போது?" என்றும் கேளுங்கள். அவருடைய காலண்டரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், அவர் கூட்டிய கூட்டங்கள் எத்தனை, பிறர் கூட்டி அவர் போய் உட்கார்ந்தவை எத்தனை என்று பாருங்கள்.

அந்த இரவு பதினொரு மணி மின்னஞ்சல்களையும் சற்று அலச வேண்டும். அவை யாருக்குப் போகின்றன? மேலே இருப்பவர்களின் அவசரக் கேள்விகளுக்குப் பதில் என்றால், அது பதவியோடு ஒட்டிய சுமை. நாளை உங்களுக்கும் வரும். தனக்குக் கீழே உள்ளவர்களுக்கு, காலையில் அனுப்பியிருக்கக்கூடிய விஷயம் என்றால், அது அந்த மனிதரின் பழக்கம். சிலரால் எதையும் பிறரிடம் ஒப்படைக்க முடியாது. அவர்கள் எந்தப் பதவியில் இருந்தாலும் விளக்கணையாது. அவருடைய களைப்பை அப்படியே பதவியின் களைப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சம்பளக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது வாரம் 45 மணி நேரம் உழைத்து, புதிய பதவியில் அது 55 ஆனால், நேரம் 22 சதவீதம் கூடுகிறது. சம்பளம் கூடுவது 20 சதவீதம். அதாவது ஒரு மணி நேரத்துக்கு முன்பைவிடக் குறைவாக வாங்குவீர்கள். அந்த 55 நான் சும்மா எடுத்த எண்ணும் அல்ல. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். "வருவதை ஏன் விட வேண்டும்?" என்பவர்களிடம் இந்த இரண்டு கணக்கையும் காட்டலாம். வேலை நேரம் அவ்வளவு கூடாது என்று உறுதியானால் கணக்கு மாறிவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எதை இழக்கிறீர்கள் என்பதும் இருக்கிறது. மேலாளரானதும் இதுவரை உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த வேலையைச் செய்ய மாட்டீர்கள். பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அதுவும் உங்களைவிட மெதுவாகச் செய்வதை. அமெரிக்காவில் 131 நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நன்றாக விற்றவர்களுக்கே பதவி உயர்வு அதிகம் கிடைத்தது. ஆனால் மேலாளரான பின் அவர்களின் குழுக்களே அதிகம் சறுக்கின. நேற்றுவரை சேர்ந்து முணுமுணுத்தவர்களுக்கு இனி நீங்கள் அப்ரைசல் எழுத வேண்டும். புதியவர் ஒருவர் தட்டுத்தடுமாறி ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்து காட்டும்போது உங்களுக்கு மகிழ்ச்சி வருகிறதா, "கொடு, நானே முடித்துவிடுகிறேன்" என்று கை பரபரக்கிறதா? இரண்டாவது என்றால், அழுத்தம் வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ஏற்கெனவே ஓய்வு எடுத்தும் தீராத களைப்பு, வேலைமேல் வெறுப்பு, என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்து உங்களிடம் இருந்தால், இப்போது மேலே போக வேண்டாம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை விவரித்ததும் ஏறக்குறைய இந்த மூன்றைக் கொண்டுதான். இன்னொரு நாற்காலி அதற்கு மருந்தாகாது. மருத்துவரைப் பாருங்கள், பதவி பிறகும் வரும்.

அப்படி இல்லை, பதவியும் விசாரித்த அளவில் பரவாயில்லை என்றால், விண்ணப்பியுங்கள். விண்ணப்பிப்பது ஏற்றுக்கொள்வதாகாது, பேரம் பேசும் வலு உங்களுக்கு இருப்பது ஒப்புக்கொள்வதற்கு முந்தைய அந்தச் சில வாரங்களில்தான். முதலில், உங்கள் பழைய வேலையை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். "கொஞ்ச நாள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் தேதி கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். தேதி இல்லாத கொஞ்ச நாள் ஆண்டுக்கணக்கில் ஓடும். பொருந்தவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப வழியுண்டா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். முதல் சில மாதங்களின் உற்சாகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பதவி உயர்வு பெற்றவர்களை ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பணித் திருப்தி தொடக்கத்தில் உயர்ந்தது. மனநலச் சரிவு தெரிந்தது இரண்டு ஆண்டுகள் அளவில்தான்.

மறுப்பதாக இருந்தால், மறுப்பதற்கு முன் வேறு யார் அந்த இடத்துக்கு வருவார்கள் என்று விசாரித்துவிடுங்கள். நாளை அவருக்குக் கீழே வேலை செய்யப்போவது நீங்கள்தான். இதை எடைபோடாமல் மறுப்பவர்கள் ஏராளம். மேலதிகாரியிடம் "எனக்குத் தகுதி இல்லை" என்று தாழ்த்திக்கொள்ளாதீர்கள். "பொறுப்பு அதிகம், அதற்கேற்ற அதிகாரம் இல்லை, இன்னின்னது மாறினால் யோசிப்பேன்" என்று சொல்லுங்கள். சில நேரம் அவை மாறவும் செய்யும்.

நேர்காணலுக்குப் போனால், இப்போது இருப்பவர் ஏன் போகிறார் என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றினால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற அப்போதும் உங்களுக்கு நேரம் இருக்கிறது.