முதலில் கருமாதி, அப்புறம் இருமல்

கேள்வி: துபாயிலிருந்து வந்த என் மைத்துனர் எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் பெட்டியும், அதில் ஆடும் ஹேலோ என்ற சுடும் விளையாட்டின் பாகங்கள் மொத்தமும் வாங்கிக் கொடுத்தார். ஆசையில் ஹேலோ 5-ஐ முதலில் போட்டேன். யார் யாரை எதற்குச் சுடுகிறார்கள் என்றே புரியவில்லை. வெளியான வரிசையில் ஆடு என்கிறார் ஒரு நண்பர். கதை நடக்கும் வரிசையில் ஆடு என்கிறார் இன்னொருவர். எந்த வரிசை சரி? கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுங்களேன் ஐயா.
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, மைத்துனர் கொண்டுவந்தது என்று எழுதிவிட்டு, கொஞ்சம் தள்ளி 'வரிசை' என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பட்டுப்புடவை, நடுவில் எக்ஸ்பாக்ஸ் என்று ஒரு காட்சி மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அரை மணி நேரமாக எழுந்து போக மாட்டேன் என்கிறது. ரேஷன் கடையில் நின்றாலும் வரிசை, பெண் வீட்டார் தட்டு தூக்கி வந்தாலும் வரிசை. இரண்டிலும் சண்டை மூள்வது ஒரே விஷயத்துக்குத்தான்: யார் முன்னால், யார் பின்னால்.

எங்கள் தெரு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றிய காலத்தில் வரிசையில் மனிதர்கள் நின்று நான் பார்த்ததில்லை. ஒரு கேன், ஒரு மஞ்சள் பை, அரைச் செங்கல், ஒற்றைச் செருப்பு. ஆட்களெல்லாம் டீக்கடையில். பத்தரை மணிக்கு ஒருவர் சாவகாசமாக வந்து செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு எனக்கு முன்னால் நிற்பார். கேட்டால், "காலையிலேயே கல்லு வெச்சிட்டுப் போனேன் சார்."

ஹேலோ வரிசையில் அந்தச் செங்கல் ஆசாமியின் பெயர் 'ரீச்'. கடைக்கு வந்தது 2010 செப்டம்பரில். அதற்கு முன்பே 2001-ல் முதல் ஹேலோ, 2004-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2009-ல் ஓடிஎஸ்டி என்று நான்கு பேர் வெயிலில் நிற்கிறார்கள். இவர் நேராக வரிசையின் தலைக்குப் போய், "நம்ம கதை முதல் ஹேலோவுக்கு முன்னாடியே முடிஞ்சிடுதுங்க, 2552-லேயே கல்லு வெச்சாச்சு" என்கிறார். 'ஹேலோ வார்ஸ்' அதற்கும் மேல். 2531-லேயே செருப்பைப் போட்டு வைத்திருக்கிறது. அது ஓடிச் சுடும் விளையாட்டே இல்லை, மேலிருந்து படைகளை நகர்த்தும் விளையாட்டு. அதை ஓரமாக நிற்க வைப்போம்.

என் தீர்ப்பு: வெளியான வரிசைதான். ஒன்று, இரண்டு, மூன்று, ஓடிஎஸ்டி, ரீச், நான்கு, ஐந்து, இன்ஃபினிட். என் அக்கா மகன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய ஹேலோக்களை ஒன்றாகக் கட்டிய 'மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்' என்ற தொகுப்பு 2019 டிசம்பரில் கணினிக்கு வந்தபோது மைக்ரோசாஃப்ட்டே ரீச்சைத்தான் முதலில் விட்டது என்கிறான். விட்டது, வாஸ்தவம். அதற்காக? பாயசம் முதலில் வெந்துவிட்டது என்று இலையில் முதலில் பாயசமா ஊற்றுவார்கள்? (சில வீடுகளில் ஊற்றுகிறார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.)

காரணம் சொல்ல ஒரு பழைய அவமானத்தைத் தோண்ட வேண்டும். முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு வார இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பெயர் வேண்டாம். தொடர்கதைகளுக்கு 'முன்கதைச் சுருக்கம்' எழுதுவது அங்கே எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை. ஒரு குடும்பத் தொடரில் 17-ஆம் அத்தியாயமும் 18-ஆம் அத்தியாயமும் இடம் மாறி அச்சாகிவிட்டன. 17-ல் தாத்தா திண்ணையில் படுத்து இருமிக்கொண்டிருக்கிறார். பேரனைக் கூப்பிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். 18-ல் தாத்தாவுக்குக் கருமாதி. பந்தியில் வடை போதவில்லை என்று சம்பந்திகளுக்குள் தகராறு. வாசகர்கள் ஒரு வாரம் கருமாதிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே கிழவர் இருமுவதைப் படித்தார்கள். நான் எழுதிய முன்கதைச் சுருக்கமோ, "காலமான தாத்தா இந்த வாரம் பேரனை அழைக்கிறார்" என்று ஆரம்பித்தது.

ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அலுவலகம் போனேன். தபால் வந்தது. ஒரு புகார்கூட இல்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறக்கும் இடத்தில் அழுதுவிட்டேன் என்று பதினொரு கடிதம். கத்திக்கொண்டே படியேறி வந்த எழுத்தாளர், அந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அப்படித்தான் யோசிச்சு வெச்சிருந்தேன்" என்றார். புத்தகமாக வந்தபோதும் கருமாதிதான் முன்னால். எனக்கு முன்னுரையில் ஒரு நன்றிகூட இல்லை. அது தனி வழக்கு.

ரீச் அந்த இருமல்தான் தம்பி. அது ஒரு கிரகம், பூமிக்கு அடுத்தபடியாக மனிதர்களின் பெரிய படைத்தளம். எதிரியிடம் விழப்போகிறது. நோபிள் என்ற படைக்குழுவில் ஆறாவது ஆள் நீங்கள். கூட இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். கடைசியில் ஒரு முக்கியமான பொருளைக் கப்பலில் ஏற்றிவிட்டு நீங்கள் தரையிலேயே தங்கிவிடுகிறீர்கள். அப்புறம் திரையில் ஒரே ஒரு கட்டளை: உயிரோடு இரு. அந்தக் கட்டத்தில் ஜெயிக்க வழி கிடையாது. வந்துகொண்டே இருப்பார்கள். அடி விழ விழ, தலைக்கவசக் கண்ணாடியில், அதாவது உங்கள் திரையிலேயே, விரிசல் ஓடும். பதினைந்து நிமிடம் தாக்குப் பிடித்தேன். நான் ஆடுவது எப்போதும் 'ஈஸி'யில், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த விளையாட்டின் முதல் காட்சி எது தெரியுமா? ஓட்டை விழுந்து மண்ணில் கிடக்கும் அதே தலைக்கவசம். முடிவு உனக்கு ஆரம்பத்திலேயே தெரியும் என்றுதான் விளம்பரமும் செய்தார்கள். செய்தவர்களே கருமாதியை முன்னால் வைத்திருக்கும்போது, முதல் ஹேலோவைத் தொடாதவர் ரீச்சில் ஆரம்பித்தால், அந்தக் கப்பல் எங்கே போகிறது, அதில் ஏறியது என்ன என்று எதுவும் தெரியாமல் சும்மா சுட்டுக்கொண்டிருப்பார்.

இளங்கோவடிகளும் நம் கட்சிதான். முற்பிறவியில் கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். காலக்கணக்குப்படி அதுதான் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும். அவரோ மதுரை எரிந்தபிறகு, மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகியிடம் சொல்வதாக அல்லவா வைத்திருக்கிறார்! நம் செங்கல் கோஷ்டியிடம் ஏட்டைக் கொடுத்திருந்தால் மங்கல வாழ்த்துக்கு முன்னால் அதைத் தூக்கி வைத்திருப்பார்கள்.

சரி, முன்கதைச் சுருக்கம். பழைய தொழில், கை மறக்கவில்லை. 26-ஆம் நூற்றாண்டு. கோவனன்ட் என்ற வேற்றுக்கிரகக் கூட்டணி மனிதர்கள் மேல் மதப் போர் தொடுத்திருக்கிறது. மேலே தீர்க்கதரிசிகள், கீழே எலைட், ஜாக்கல், கிரன்ட் என்று அடுக்கடுக்காக, அங்கேயும் வரிசைதான். ரீச்சிலிருந்து தப்பிய கப்பல் 10,000 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்துக்கு அருகில் போய்ச் சேர்கிறது. வளையத்தின் உட்புறத்தில் கடல், மலை, மேகம் எல்லாம் உண்டு. அதுதான் ஹேலோ. கப்பலில் இருப்பவன் மாஸ்டர் சீஃப். ஆறு வயதில் பெற்றோருக்குத் தெரியாமல் தூக்கிவந்து படைவீரனாக வளர்த்த பையன். அவன் காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பவள் கொர்ட்டானா என்ற செயற்கை அறிவு. ரீச்சில் கப்பலேறிய பொருள் அவள்தான். வளையத்தைப் புனிதம் என்று கோவனன்ட் கும்பிடுகிறது. உண்மையில் அது ஆயுதம். ஃப்ளட் என்ற ஒட்டுண்ணி அறிவுள்ள உயிர்களைத் தின்று பெருகுகிறது. அதை ஒழிக்க முடியாத ஃபோர்ரன்னர் என்ற பழைய இனம், அதன் தீனியை ஒழித்துவிடலாம் என்று விண்மீன் மண்டலம் முழுக்க அறிவுள்ள உயிர்களைக் கொல்ல இந்த வளையங்களைக் கட்டியது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

முதல் ஹேலோவில் பாதி தாண்டும்வரை இந்த ஃப்ளட் இருப்பதே தெரியாது. சதுப்பு நிலம், பனி, ஆளில்லாத கட்டடம். செத்துப்போன வீரனின் தலைக்கவசத்தில் ஒரு பதிவு ஓடுகிறது. பதற்றமான குரல்கள், கதவுக்குப் பின்னால் ஏதோ சத்தம், கதவு உடைகிறது, படம் அறுந்துபோகிறது. நிமிர்ந்தால் நீங்கள் நிற்பது அதே அறை. எனக்குக் காபி முழுக்க மேஜை விரிப்பில்.

அதற்கடுத்த கட்டத்தின் பெயர் 'தி லைப்ரரி'. ஒரு புத்தகம் கிடையாது. ஒரே மாதிரி தாழ்வாரம், மறுபடி அதே தாழ்வாரம். வழிகாட்ட வந்த மிதக்கும் உருண்டை ஒன்று முனகிக்கொண்டே கதவு திறக்கிறேன் என்று போய்விடும். புத்தகமில்லாத நூலகங்கள் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நான்கு முறை எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர் கிளை நூலகம் பூட்டிக் கிடப்பது பற்றி ஐந்தாவது முறையாக இப்போது.

இரண்டாவது ஹேலோ என் செல்லம். தொடக்கத்தில் மாஸ்டர் சீஃபுக்கு ஒரு பக்கம் பதக்கம் குத்துகிறார்கள். அதே நேரம் எதிர் முகாமில், வளையத்தைப் பறிகொடுத்த எலைட் தளபதிக்கு மார்பில் சூடு போடுகிறார்கள். காட்சி இங்கும் அங்கும் மாறி மாறி வரும். அப்புறம் அந்தத் தளபதியாகவும் நீங்களே ஆட வேண்டும். எதிரியாக எதற்கு ஆட வேண்டும் என்று அப்போது நிறையப் பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த இடம்தான் பிடித்தது. சுடப்படுகிறவனுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது என்று வாக்குமூலம் வாங்குகிறார்கள். ஆனால் போரை முடிக்கப் போகிறேன் என்று சீஃப் சொன்னதும் திரை இருண்டுவிடும். தொடரும்! அடுத்தது வர ஏறக்குறைய மூன்று வருடம். நாங்கள் ஒரு வாரம் தொடரை நிறுத்தினாலே அஞ்சலட்டையில் என் பரம்பரையை இழுப்பார்கள்.

மூன்றில் போர் முடிகிறது, நன்றாகவே முடிகிறது. ஓடிஎஸ்டி இரண்டாவது ஹேலோவின் ஓரத்தில் நடக்கிறது: கென்யாவின் நியூ மொம்பாசா, இரவு, மழை, சாக்ஸபோன். பேசாத புதுப்பையன் ஒருவன் தெருவில் கிடக்கும் பொருள்களை எடுத்துப் பார்த்துத் தன் குழுவுக்கு என்ன ஆனது என்று தேடுகிறான். ஒவ்வொரு பொருளும் ஒரு பின்கதை. எந்தப் பொருள் முதலில் கிடைக்கிறதோ அந்தக் கதை முதலில். கதை நடந்த வரிசைதான் வேண்டும் என்னும் உங்கள் நண்பர் இதை எப்படி வெட்டி ஒட்டுவார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கல்யாணப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஹேலோவை முதலில் சபையில் காட்டியது ஸ்டீவ் ஜாப்ஸ், 1999-ல், ஆப்பிளின் மேக் கணினி விழா மேடையில். நிச்சயதார்த்தம் மாதிரி. அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் வந்து, பெண்ணை மட்டுமல்ல, பெற்ற பங்ஜி நிறுவனத்தையே விலைக்கு வாங்கிப் போய்விட்டது. 2003-ல்தான் மேக்குக்குப் பங்குச் சோறு வந்தது. ரீச்தான் பங்ஜி செய்த கடைசி ஹேலோ. நான்கிலிருந்து இன்ஃபினிட் வரை 343 இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம்.

நான்கில் கொர்ட்டானாவுக்கு ஆயுள் முடிகிறது. கதையில் அவள் இனத்துக்கு ஏழு வருடம்தான். அந்தப் பகுதி மனசைப் பிசையும். வில்லன் யார் என்பதைத்தான் விளையாட்டுக்கு வெளியே நாவல்களில் தேட வேண்டும். ஐந்தில் பெரும்பாலும் மாஸ்டர் சீஃபைத் துரத்தும் லாக் என்பவனாகத்தான் ஆடுவீர்கள். அது புரியாததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. இன்ஃபினிட்டோ சீஃப் அடிவாங்கி விண்வெளியில் வீசப்படுவதில் ஆரம்பிக்கிறது. நடுவில் நடந்ததெல்லாம் ஒலிப்பதிவுத் துண்டுகளாக வரும். காலமான தாத்தாவை எழுதியவன் சொல்கிறேன், இதைவிட நான் நன்றாகவே எழுதினேன். அடித்த பேனிஷ்ட் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 2017-ல் வந்த ஹேலோ வார்ஸ் இரண்டாம் பாகத்திலிருந்து. வரிசையில் கிடந்த ஒற்றைச் செருப்புக்கும் ஆள் இருந்திருக்கிறது.

ஒன்றிலிருந்து நான்கு வரைக்கும், ஓடிஎஸ்டி, ரீச் உட்பட, மைத்துனரும் நீங்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்து திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆடலாம். ஐந்திலும் இன்ஃபினிட் கதையிலும் அந்த வசதி கிடையாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது இன்னொரு கன்ட்ரோலர் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒற்றைப்படையில் தட்டு வரட்டும் என்றால், மூன்றாவதை எனக்கு அனுப்பிவிடுங்கள்.