தெருவில் நின்ற பரல்

அன்புள்ள அக்கா,

போன கிழமை தோழி ஒருத்தி கொழும்பு ஏழில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். பச்சையும் மண்ணிறமுமாகப் பெயின்ட் பூசிய தகரப் பரல்கள், எண்ணெய்ப் பீப்பாய் மாதிரி. வேறொன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கம் முழுக்க ஆங்கிலம், ஒரு முழ நீளம். "இதை நானும் கீறுவன்" என்றான் தம்பி. மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. இந்தக் காலத்து ஓவியர்கள் வெளிநாட்டுக்காரருக்காகத்தான் கீறுகிறார்களா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் பார்த்தது ஓவியர் சந்திரகுப்த தேனுவரவின் வேலையாக இருக்கவேண்டும். உங்கள் வயதுக்குப் பரல் வெறும் பரல். தொண்ணூறுகளில் கொழும்பின் சோதனைச்சாவடிகளில் அதுதான் தெருவை மறித்து நிற்கும், ஆமிக்காரரின் உடுப்பு நிறத்தில். பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி நடந்தவர்கள் நாங்கள். காட்டுக்குள் ஆளை மறைக்கிற நிறம் அது. காலி வீதி நடுவில் பளிச்சென்று தெரிந்தது. பிறகு பிறகு அதுவும் லைட் கம்பம் மாதிரி ஆகி, கண்ணில் படுவதே நின்றுபோனது. மறைப்பு நிறம் கடைசியில் அப்படித்தான் வேலை செய்தது. தேனுவர 1997 இல் அந்தப் பரலைத் தூக்கிக் கண்காட்சிக்குள் வைத்தார். 'பரலிசம்' என்று பெயரும் வைத்தார், கியூபிசம் என்கிற ஓவியப் பாணியின் பெயரைப் போல. பகிடியும் உண்டு, கோபமும் உண்டு. அன்றிலிருந்து வருடா வருடம் ஜூலை 23 அன்று, தமிழருக்கு எதிராக நடந்த 83 கலவரத்தை நினைத்துக் கண்காட்சி திறக்கிறார். அவர் சிங்களவர். அந்தத் தேதி வெளிநாட்டுக்காரருக்கான தேதி இல்லை.

தம்பி கீறட்டும். அவனுக்கு இன்னொரு வேலையையும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் 'முடிவுறாத தோம்பு' 2011 இல் வந்த புத்தகம். இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறச் சொன்னார். அதை ஒரு கட்டடக் கலைஞர் அளவெடுத்த வரைபடமாக்கினார். பிறகு சனாதனன் தன் பங்குக்கு ஓர் ஓவியம். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவு, உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும்.

அதைப் படித்த அன்று என் அம்மாவிடம் ஒரு கொப்பித் தாளையும் பென்சிலையும் கொடுத்தேன். முதலில் கிணறு. பிறகு குசினி, மாட்டுக்கொட்டில், நான் விழுந்து பல்லை உடைத்த திண்ணை. படலை இல்லை. கேட்டேன். "படலையால ஆர் போனது? வேலிக்குள்ளாலதானே ஓடினது" என்றா.

மலையகத்து ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பையிலேயே வேலை செய்கிறார். அதற்கு விளக்கமே வேண்டாம்.

ஆங்கில விளக்கத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அது முழுக்க நியாயம். அந்த ஆங்கிலம் ஆங்கிலம் படித்தவர்களுக்கே விளங்காது என்பது வேறு கதை. இங்குள்ள காட்சிக்கூடங்களுக்கு வருகிற ஆட்களைப் பார்த்தால் நமக்கு அழைப்பு இல்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் கொழும்பில் 2019 இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மூன்று மொழியிலும் எழுதி வைக்கிறது. முதலில் அங்கே போங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு. உங்கள் அம்மாவையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது, பரலைப் பற்றி அவவிடம் கேட்கலாம்.