‘தி டா வின்சி கோட்’ படத்தில் வரும் ரகசியங்களில் எவ்வளவு உண்மை? திருச்சபை எதையாவது மறைத்ததா?

படத்தைத் தாராளமாகப் பாருங்கள். ஆனால் அதில் வரலாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஆதாரத்தோடு நிற்காது. கேள்விக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. லியனார்டோவின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தில் இயேசுவுக்குப் பக்கத்தில் இருப்பது மகதலா மரியாவா? சீயோன் சங்கம் என்று ஒன்று உண்மையில் இருந்ததா? திருச்சபை இதையெல்லாம் மறைத்ததா? இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஓவியம்தான். அதனால் அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன். கதையின் சில முடிச்சுகள் இங்கே அவிழும், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். இயேசுவும் அவரைப் பின்பற்றிய மகதலா மரியாவும் மணந்து வாரிசு பெற்றார்கள், அந்த ரகசியத்தைச் சீயோன் சங்கம் என்ற அமைப்பு காத்துவருகிறது, திருச்சபை அதை மறைத்தது என்பதுதான் கதை.

டான் பிரவுன் 2003இல் எழுதிய நாவலை ரான் ஹோவர்ட் 2006இல் படமாக்கினார். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் காப்பாளர் ஒருவர் கொல்லப்படுகிறார். சாவதற்கு முன் தரையில் சில எண்களையும் புரியாத வரிகளையும் எழுதிவைக்கிறார். எண்கள் ஃபிபோனாச்சி வரிசையைக் கலைத்துப் போட்டவை. வரிகளின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் லியனார்டோவின் பெயரும் மோனலிசாவும் வருகின்றன. அங்கிருந்து ஓட்டம் தொடங்குகிறது. லூவருக்குள்ளேயே இரவு நேரத்தில் படமெடுக்க அனுமதி கிடைத்ததால், அந்த முதல் அரைமணி நேரத்தில் உள்ள இருட்டும் நீண்ட கூடங்களும் இன்றைக்கும் என்னை இழுத்துக்கொள்கின்றன. குறியீடுகளை ஆராயும் பேராசிரியர் லாங்டனாக டாம் ஹாங்க்ஸ் சற்று இறுக்கமாகவே நடித்திருக்கிறார். ஆனால் இயன் மெக்கெல்லன் வரலாற்றறிஞர் சர் லீ டீபிங்காக வந்ததும் படம் அவர் கைக்குப் போய்விடுகிறது.

படத்தின் இதயமும் அவர் வீட்டில் நடக்கும் காட்சிதான். திரையில் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தைப் போட்டுக் காட்டுகிறார். இயேசுவுக்கும் அவருடைய வலக்கைப் பக்கம் இருப்பவருக்கும் இடையில் ஆங்கில ‘வி’ வடிவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அது பெண்மையின் அடையாளம் என்கிறார். தாடியில்லாமல், நீண்ட கூந்தலோடு, கீழே பார்த்தபடி இருக்கும் அந்த உருவம் மகதலா மரியா என்கிறார். பேதுருவின் கை அவள் கழுத்தை வெட்டுவதுபோல நீள்கிறது, இன்னொரு கையில் கத்தி இருக்கிறது என்று நாவலில் வருகிறது. கடைசியில் அந்த உருவத்தை அப்படியே நகர்த்தி இயேசுவின் மறுபக்கம் வைத்தால் தோளில் சாய்ந்திருப்பதுபோலப் பொருந்துகிறது. முதல் தடவை பார்ப்பவருக்கு மயிர்க்கூச்செறியும், அவ்வளவு அழகாகக் கட்டப்பட்ட காட்சி.

சரி, இப்போது ஓவியத்தை அது வரையப்பட்ட இடத்தில் வைத்துப் பார்ப்போம். மிலான் நகரில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே என்ற தொமினிக்கன் மடம் இருக்கிறது. அங்கே துறவிகள் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தின் சுவரில், ஏறக்குறைய 1495 முதல் 1498 வரை லியனார்டோ இதை வரைந்தார். அகலம் கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர். தினமும் அதன் எதிரே உட்கார்ந்து உணவருந்தியவர்களுக்கு யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் மனப்பாடம். “உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்” என்று இயேசு சொல்கிறார். சீடர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இயேசுவின் பக்கத்தில் அவர் அன்பு செய்த சீடர் இருக்கிறார். அவரிடம் “யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று கேள்” என்று பேதுரு சைகை காட்டுகிறார். மரபு அந்தச் சீடரை யோவான் என்று சொல்கிறது.

லியனார்டோ வரைந்திருப்பது இந்த நொடியைத்தான். பேதுரு முன்னால் பாய்ந்து யோவானின் தோளருகே கையை நீட்டிக் காதில் பேசுகிறார். அதைக் கேட்க யோவான் அவர் பக்கம் சாய்கிறார். அப்படிச் சாய்ந்தால் இயேசுவின் பக்கத்தில் இடைவெளி விழத்தானே செய்யும்? அந்த இடைவெளியால் இயேசு தனியாக நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம். பன்னிரண்டு பேரும் மும்மூன்று பேராகக் கொந்தளிக்க, நடுவில் அவர் மட்டும் அசையாமல் இருக்கிறார். அந்தத் தனிமையை மிகுந்த அக்கறையோடு அமைத்திருக்கிறார் லியனார்டோ. அதை ஓர் எழுத்தாகச் சுருக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

யோவானைத் தாடியில்லாத, மென்மையான இளைஞனாக வரைவது அந்தக் கால ஃப்ளோரன்ஸ் ஓவியர்களின் வழக்கம். கிர்லாந்தாயோவும் கஸ்தாஞ்ஞோவும் அதே நகரில் வரைந்த இராவுணவுக் காட்சிகளிலும் யோவான் இப்படித்தான் இருக்கிறார். சீடர்களில் அவரே மிக இளையவர் என்பது மரபு. இன்னொரு எளிய சோதனையும் உண்டு. மேசையில் இயேசுவைச் சேர்த்து இருப்பது பதின்மூன்று பேர். அந்த உருவம் மரியா என்றால் யோவான் எங்கே போனார்? சுவிட்சர்லாந்தில் போந்தே கப்ரியாஸ்கா என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் 16ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு சீடர் கீழும் பெயர் எழுதியிருக்கிறார்கள், இந்த உருவத்தின் கீழ் யோவானின் பெயர்.

கத்தி விஷயத்துக்கு வருகிறேன். அது யாருக்கும் சொந்தமில்லாத கை என்று நாவல் கதை கட்டுகிறது. அது பேதுருவின் வலக்கைதான். மணிக்கட்டைப் பின்னால் திருப்பி இடுப்பருகே வைத்திருக்கிறார், முன்னால் யூதாஸ் மறைப்பதால் உடனே தெரிவதில்லை. அந்தக் கைக்காக லியனார்டோ முன்கூட்டியே போட்ட படம் ஒன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் விண்ட்சர் சேகரிப்பில் இருக்கிறது. கத்தி ஏன் என்பதற்கும் பதில் அதே நற்செய்தியில் இருக்கிறது. சில மணி நேரத்தில் கைது செய்ய ஆட்கள் வரும்போது, தலைமைக் குருவின் பணியாளர் மால்குவின் காதை வெட்டப்போகிறவர் இந்தப் பேதுருதான். அந்த மடத்துத் துறவிகளுக்கு இது பார்த்ததும் புரிந்திருக்கும்.

இத்தனை சந்தேகத்துக்கும் இடம் கொடுத்தது சுவரின் நிலைமையும்கூட. ஈரச் சுண்ணாம்பில் வரைந்தால் காய்வதற்குள் வேகமாக முடிக்க வேண்டும். லியனார்டோவுக்கு அது ஒத்துவராது. சிறுவனாக இருந்தபோது அவர் வேலை செய்ததைப் பார்த்த மத்தேயோ பந்தெல்லோ பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்: சில நாள் விடியலிலிருந்து இருட்டும்வரை சாப்பிடாமல் தூரிகையைக் கீழே வைக்காமல் வரைவாராம், சில நாள் எதையும் தொடாமல் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே நிற்பாராம். இப்படி வேலை செய்வதற்காகக் காய்ந்த சுவரில் வரைந்தார். வண்ணம் அவர் வாழ்நாளிலேயே உதிர ஆரம்பித்துவிட்டது. 1652இல் கதவைப் பெரிதாக்க சுவரை வெட்டியபோது இயேசுவின் பாதங்களே போயின. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூடம் இடிந்தது, மணல் மூட்டைகளால் காத்த இந்தச் சுவர் தப்பியது. பீனின் பிராம்பில்லா பார்ச்சிலோன் என்ற பெண்மணி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 1999 வரை, அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்து மீட்டார். இயேசுவின் நெற்றிப்பொட்டருகே ஒரு சிறு ஆணித்துளையும் இருக்கிறது. லியனார்டோ அங்கே ஆணி அடித்து, நூல் கட்டி, கூடத்தின் கோடுகள் எல்லாம் அந்த ஒரே புள்ளியை நோக்கி ஓடும்படி அளந்திருக்கிறார். படத்தில் வரும் எந்தக் குறியீட்டையும்விட எனக்கு அந்தத் துளை பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் சீயோன் சங்கம். நாவலின் முதல் பக்கமே இது 1099இல் தோன்றிய உண்மையான அமைப்பு என்கிறது. பியேர் பிளாந்தார் என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் பதிவு செய்த சங்கம் அது. தன்னைப் பழைய மெரோவிஞ்சிய அரச வம்சத்து வாரிசாகக் காட்டிக்கொள்ள, 1960களில் நண்பரோடு சேர்ந்து போலி ஆவணங்களைத் தயாரித்துப் பாரிஸின் தேசிய நூலகத்தில் சேர்ப்பித்தார். லியனார்டோவும் நியூட்டனும் தலைவர்களாக இருந்தார்கள் என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. 1993இல் நீதிபதி முன்னால் எல்லாம் தன் கற்பனை என்று பிளாந்தாரே ஒப்புக்கொண்டார். கதையில் ரகசியக் குறியாக வரும், பாரிஸ் சென் சுல்பீஸ் தேவாலயத்தில் உள்ள பித்தளைக் கோட்டிலும் ரகசியம் எதுவும் இல்லை. அது 18ஆம் நூற்றாண்டு வானியல் கருவியின் பகுதி, ஈஸ்டர் தேதியைக் கணக்கிட உதவியது. அங்குள்ள பி, எஸ் எழுத்துகள் சீயோன் சங்கத்தை அல்ல, பேதுரு, சுல்பீஸ் என்ற இரு புனிதர்களைக் குறிக்கின்றன. அந்தத் தேவாலயம் படப்பிடிப்புக்கு அனுமதி தரவில்லை. சங்கேதச் சொல் சரியாக அமைந்தால்தான் திறக்கும் அந்த உருளைப் பெட்டியும் டான் பிரவுனின் கற்பனைதான்.

திருச்சபை மறைத்ததா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் மகதலா மரியாவைப் பற்றிப் பேசியாக வேண்டும். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தில் வாக்கெடுத்துத்தான் இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்று டீபிங் சொல்வது தவறு. ஏறக்குறைய 112இலேயே, கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள் என்று ரோமானிய ஆளுநர் பிளினி பேரரசருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் மரியாவுக்கு அநியாயம் நடந்தது உண்மை. அவர் விலைமகள் என்று நான்கு நற்செய்திகளில் எங்கும் இல்லை. சிலுவையடியில் நின்றவர், உயிர்த்த இயேசுவை முதலில் கண்டவர் என்றுதான் யோவான் எழுதுகிறார். 591ஐ ஒட்டித் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில், பெயர் சொல்லப்படாத பாவிப் பெண்ணையும் இவரையும் ஒருவராக்கிப் பேசினார். அந்தப் பழி மேற்குலகில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒட்டிக்கொண்டது. 1969இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் திருச்சபை அந்தக் குழப்பத்திலிருந்து விலகியது. 2016இல் அவருடைய ஜூலை 22 நினைவுநாளை அப்போஸ்தலர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார்கள்.

கவனித்தீர்களா, இதில் எதுவும் நிலவறையில் நடக்கவில்லை. அவர் பெயர் கெட்டது மக்கள் கூடியிருந்த தேவாலயத்தில் பேசிய மறையுரையால். அவரை இயேசுவின் தோழி என்று சொல்லும் பிலிப்பு நற்செய்தியோ 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்து, மொழிபெயர்ப்பாக அச்சில் கிடைக்கிறது. டீபிங் மேற்கோள் காட்டும் முத்தம் பற்றிய வரியில், எங்கே என்ற இடத்தில் சுவடி சிதைந்திருக்கிறது. சதி என்று சொல்லும்போது படம் சில ஆட்களின் மேல் பழியைப் போட்டு முடித்துவிடுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் பிரசங்கம் கேட்டவர்களில் பெரும்பாலோர் மூல நூலைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பது அதைவிடக் கனமான விஷயம்.

படம் வந்தபோது இங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். தணிக்கைக் குழு கற்பனைக் கதை என்ற அறிவிப்போடு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்த பிறகும், 2006 ஜூனில் தமிழக அரசு இரண்டு மாதம் தடை போட்டது. இலங்கையிலும் தடை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தமிழகத் தடையை ரத்து செய்தார். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது: சான்றிதழ் பெற்ற படத்தை, கலவரம் வரும் என்ற பயத்தைக் காட்டி அரசு நிறுத்தக் கூடாது, அமைதியைக் காப்பது அரசின் பொறுப்பு. நம்பிக்கையுள்ள பலர் மனம் புண்பட்டது உண்மைதான். அதற்குப் பதில் தியேட்டரைப் பூட்டுவது அல்ல, மேலே சொன்னது மாதிரியான விவரங்களை எடுத்து வைத்துப் பேசுவது என்றே நான் நினைக்கிறேன். அந்த வகையில் படமே கொஞ்சம் மாறியிருக்கிறது. நாவலில் டீபிங்கோடு ஒத்து ஊதும் லாங்டன், படத்தில் பல இடங்களில் எதிர்க்கேள்வி கேட்கிறார்.

படம் பார்த்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். மிலான் சுவரில் மங்கிப்போனதைப் பார்க்க, லியனார்டோவின் சீடர் ஜாம்பியெத்ரினோ 1520 வாக்கில் கித்தானில் எடுத்த பிரதியை இணையத்தில் தேடி, பெரிதாக்கிப் பாருங்கள், அது லண்டன் ராயல் அகாடமிக்குச் சொந்தமானது. கதவு வெட்டியதில் போன இயேசுவின் பாதங்கள் அதில் இருக்கின்றன. யூதாஸின் முழங்கையருகே பார்த்தால் உப்புக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கும். அவன் வலக்கை பணப்பையை இறுக்கிப் பிடித்திருக்கும்.